பூவரசு எந்தக் கரையில்?

2011-இல் நான் போட்ட முதல் புத்தக ராப்பரில் ஓர் ஆறு இருந்தது. அது ஆறே இல்லை, கேரளத்துக் காயல்.

அப்போது மன்னார்குடியில் டி.டி.பி. கடை தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதுதான் தொழில். ஒரு நாள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மஞ்சள் பையில் நான்கு கோடு போட்ட நோட்டுகளோடு வந்தார். பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: லஸ்கர் என்றால் ஆற்றிலும் வாய்க்காலிலும் இருக்கிற சட்ரஸை, அதாவது தண்ணீரைத் தடுத்தும் திறந்தும் விடும் பலகைக் கதவுகளை, ஏற்றி இறக்குகிறவர். அரசாங்கக் காகிதத்தில் நீரொழுங்கி, என்ஜினீயர் வாயில் ரெகுலேட்டர், எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சட்ரஸ். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்த கதையை அவர் எழுதியிருந்தார். தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, ராப்பரும் நானே போட்டு, 500 பிரதி அச்சடித்துக் கொடுத்தேன்.

ராப்பருக்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஆறு, தென்னை என்று தேடி முதலில் வந்த படத்தை எடுத்தேன். அதில் ஒரு கெட்டுவள்ளம், அதாவது கேரளத்துப் படகு வீடு, இருந்தது. அதை வெட்டி எறிந்தேன், ஆனால் அதன் மூங்கில் கூரையின் ஒரு மூலை ஓரத்தில் தங்கிவிட்டது. படம் சின்னது, இழுத்துப் பெரிதாக்கியதில் தென்னை ஓலையெல்லாம் கட்டம் கட்டமாகப் போயிற்று. அதன்மேல் தலைப்பை மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும் நிறத்தில் போட்டு, எழுத்துக்கு நிழல் கொடுத்து, புடைப்பாகவும் ஆக்கியிருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எனக்கு நன்றாக வந்த வித்தை அது.

பெரியவர் பார்த்துவிட்டு, "தென்ன நல்லாருக்கு பாப்பா" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடைமடையில் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் மனிதர்களைப் பற்றிய புத்தகத்துக்கு, கரை தளும்பும் காயல் படம். அந்த ஐந்நூறும் எப்படியோ விற்றுத் தீர்ந்தது.

2025-இல் தஞ்சாவூரில் சிறிய பதிப்பகம் நடத்தும் ஒருவர் அதை மறுபதிப்பாகக் கொண்டுவருகிறேன் என்று கேட்டபோது, ராப்பரை நான்தான் மறுபடி போடுவேன், காசு வேண்டாம் என்று நானே போய் நின்றேன். புத்தகம் வரும்வரை தலைப்பை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. இரண்டு சொல், இரண்டாவதில் ஒரு 'லை' இருக்கிறது என்பது மட்டும் போதும்.

இந்தத் தடவை இணையத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். புத்தகத்தில் பாதி நடப்பது ஒரே இடத்தில். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகும். அதற்கப்புறம் அது ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளை பிரிந்து பிரிந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகிறது. அப்படிப்பட்ட ஒரு வாய்க்காலின் கடைசிப் பக்கம், மூன்று கண் உள்ள ஒரு சின்ன சட்ரஸ். காலையும் மாலையும் அங்கே அளவு பார்த்து எழுதுவதுதான் பெரியவரின் வேலை. முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில், ராத்திரி யாராவது பலகையைத் தூக்கிவிடாமல் காவல் கிடப்பதும் அவர் வேலைதான். 2025-இல் மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். 2024-ஐப் போல ஜூலை 28 வரை இழுக்கவில்லை. 15-ஆம் தேதி கல்லணையும் திறந்தாயிற்று. ஆனால் கடைமடைக்கு அது வந்து சேர நாளாகும். நான் போன அன்று வாய்க்காலில் மணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான்.

வடகரையில் உட்கார்ந்து வரைந்தேன். ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், படுக்கைவாட்டில். தொட்டு எழுதும் நிப்பு, கறுப்பு வாட்டர்ப்ரூஃப் இங்க். பென்சில் கோடு போடவில்லை. எதிர்க்கரையில் வலது பக்கம் ஒரு கிழட்டுப் பூவரசு, அதற்குக் கீழே கரைச்சுவரில் அடி அங்குலம் எழுதின அளவுகோல், நடுவில் சட்ரஸ், பலகையை ஏற்றி இறக்கும் திருகுக் கம்பிகள் மூன்றும் வானத்தைக் குத்திக்கொண்டு, இடது பக்கம் வெறும் கரை, ஒரு படித்துறை. மூன்றாவது திருகுக் கம்பி வரையும்போது ஓர் ஆட்டுக்குட்டி வந்து முட்டியதில் கோடு கோணிவிட்டது. விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே மூன்றாவது கம்பிதான் கோணல்.

கடைக்கு வந்து ஸ்கேன் செய்தேன். என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர், அதனால் இரண்டு பாதியாக எடுத்துப் போட்டோஷாப்பில் ஒட்ட வேண்டும். தாள் வெளியில் நீட்டிக்கொண்டிருந்தால் மூடி சரியாக மூடாது, அந்த ஓரத்தில் சாம்பல் நிழல் விழும். மேலே இரண்டு டெலிபோன் டைரக்டரியை வைத்து அமுக்கினேன். (இந்தக் காலத்தில் அது எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார்.) 600 டி.பி.ஐ.

கோட்டுப் படத்தை நல்லபடி கணினிக்குள் கொண்டுவருவதற்குள் இரண்டு நாள் போயிற்று. முதல் நாள் கோரல்ட்ராவில் ட்ரேஸ் செய்து பார்த்தேன், அதாவது ஸ்கேனைப் பார்த்துக் கணினியே கோடு போடுவது. ஒரே அழுத்து, எல்லாக் கோடும் வழவழவென்று பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஆகிவிட்டது. நிப்பு தாளில் சிக்கித் தெறித்த புள்ளிகள், பூவரசம் பட்டையில் இங்க் வற்றிப்போய்க் கோடு இரண்டாகப் பிளந்த இடங்கள், எல்லாவற்றையும் அது தவறு என்று எண்ணித் துடைத்துவிட்டது. அழித்துவிட்டு, ஸ்கேனையே வைத்துக்கொண்டு, போட்டோஷாப்பில் வெளுப்பையும் கறுப்பையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் தாளின் சாம்பலை மட்டும் வெள்ளைக்குத் தள்ளினேன். கறுப்பை முழுக்க இழுக்காமல் கொஞ்சம் விட்டேன். இழுத்தால் மெல்லிய கோடு பருத்துவிடும். அப்புறம் கோட்டை மட்டும் தனி லேயராகப் பிரித்துக்கொண்டேன்.

இங்கேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முன் அட்டைக்கு வலது பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் மரம் வலது மேல் மூலையை அடைத்துக்கொண்டது. தலைப்புக்கு இடமில்லை. தவிர, அட்டையில் எதுவும் வலது பக்கமாக நகர வேண்டும், புத்தகம் திறக்கிற பக்கம் அதுதான் என்று எங்கேயோ ஒரு வீடியோவில் கேட்டது மண்டையில் இருந்தது. ஃப்ளிப் ஹாரிசாண்டல், படத்தை இடம் வலமாகத் திருப்புவது. ஒரே கிளிக். மரம் இடது பக்கம் புத்தகத்தின் முதுகை ஒட்டிப் போய்விட்டது, வலது பக்கம் வானம் திறந்துகொண்டது. கச்சிதம். அளவுகோலில் எண்கள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிவிட்டன. அவற்றை அழித்து அதே நிப்பில் தனியாக எழுதி, ஸ்கேன் செய்து ஒட்டினேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு பெருமை.

ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். இப்போது எண்பது தாண்டிவிட்டது, கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"தண்ணி இன்னும் வரலையேய்யா. காஞ்சு கிடந்தப்ப வரஞ்சது."

"அது தெரியுது. வந்தா எந்தப் பக்கம் போவும்?"

நான் வலது பக்கம் கை காட்டினேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஸ்கேலு இருக்குற பக்கத்துலேருந்து வரும். அதுனால இந்தாண்டேருந்து அந்தாண்ட போவுது, சரி. கெழக்கால போவுதுன்னா, நீ தெக்க உக்காந்து வடக்க பாத்து வரஞ்சிருக்க. அப்ப பூவரசு வடகரைக்கு எப்புடி வந்துச்சு? மரம் தெங்கரையிலதான் நிக்கிது, நான் வச்ச மரம். மரம் தெங்கரைன்னா தண்ணி மேக்க போவணும். ரெண்டுல எது?"

எனக்கு இதைத் தலைக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "நம்பரத் திருத்துனவ ஆத்தத் திருத்தாம உட்டுட்டியே" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் காபிக்குக் குரல் கொடுத்தார். காபி வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார்: முதல் பதிப்பில் அந்தத் தென்னையெல்லாம் எந்த ஊர் என்று அவருக்கு அப்போதே தெரியுமாம். அவருடைய மச்சினர் ஆலப்புழையில் வேலை பார்த்தவர்.

திரும்பி வரும் பஸ்ஸில், படத்தைத் திருப்பாமல் மரத்தை வைத்துக்கொண்டு தலைப்புக்கு எங்கே இடம் தேடுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். கடையில் வந்து அசல் தாளை விரித்தபோதுதான் உறைத்தது. புத்தகம் டெமி அளவு, 140-க்கு 216 மில்லிமீட்டர். பின் அட்டை, முதுகு, முன் அட்டை மூன்றும் சேர்ந்த ராப்பர் 289 அகலம், சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டால் 295-க்கு 222. ஏ3 தாள் 420-க்கு 297. எழுபது சதவீதத்துக்குச் சுருக்கினால் நான் வரைந்த முழுத் தாளும் கிட்டத்தட்ட அப்படியே ராப்பரில் உட்கார்ந்துவிடும். விரித்த ராப்பரில் வலது பக்கம் முன் அட்டை: பூவரசு, அளவுகோல், சட்ரஸ். அதாவது மேற்கு. இடது பக்கம் பின் அட்டை: வெறும் கரை, படித்துறை, கடலுக்குப் போகிற கிழக்கு. தண்ணீர் முன் அட்டையில் வந்து, முதுகைத் தாண்டி, பின் அட்டையில் போய்விடும். அந்த வீடியோக்காரர் சொன்னதற்கு நேர் எதிர் திசை. படம் முழுதாக இருந்தபோது பாதியை வெட்டி, வெட்டின பாதியில் இடமில்லை என்று அழுதிருக்கிறேன். படம் முழு அகலத்துக்குப் படுத்ததும் மரமும் சுருங்கியது, அதற்கு மேலே தலைப்புக்கு வானம் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை, இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. முதுகில் நேர் விளிம்பு எதையும் வைக்காதீர்கள். 184 பக்கம், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள், அச்சகத்தில் வெற்று டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்ததில் முதுகு 9 மில்லிமீட்டர். ஆனால் ஒட்டி மடிக்கும்போது ஒவ்வொரு பிரதியிலும் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். என் படத்தில் சட்ரஸின் தூண் ஒன்று சரியாக முதுகின் ஓரத்தில் வந்து நின்றது. அப்படியே விட்டிருந்தால் பாதிப் பிரதிகளில் தூண் முன் அட்டைக்கு எட்டிப் பார்க்கும். படத்தை எட்டு மில்லிமீட்டர் வலது பக்கம் நகர்த்தி, முதுகில் தண்ணீரும் வானமும் மட்டும் வரும்படி செய்தேன்.

தண்ணீர்? அதற்கு இன்னொரு தடவை போனேன். பெரியவர் மகன் போன் செய்து, "வந்துடுச்சுக்கா" என்றார். புதுத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. டீயில் பாலைக் குறைத்த நிறம், முன்னால் நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு வரும். இந்தத் தடவை கோடே போடவில்லை. தனித் தாளில் வாட்டர் கலரில் தண்ணீரை மட்டும் பட்டையாக இழுத்தேன். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக மறந்துவிட்டதால் வாய்க்காலிலேயே தூரிகையை நனைத்தேன். காய்ந்த பிறகு தாளில் வண்டல் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் கீறல் விழுமோ என்று பயம். ஓ.எச்.பி. தாள் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றைக் கண்ணாடிமேல் வைத்து எடுத்தேன்.

காய்ந்த நாளின் கோடு மேலே, நனைந்த நாளின் நிறம் கீழே, நடுவில் மல்டிப்ளை, கீழ் நிறம் மேல் கோட்டின் வழியே தெரியும்படி கலக்கும் முறை. இரண்டும் சரியாகப் பொருந்தாது. சில இடத்தில் தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்தது. வழிந்ததில் பாதியை அப்படியே விட்டேன். கணினியில் ஒரு நிறத்தைக் கோட்டுக்குள் சரியாக நிரப்புவது இரண்டு நிமிஷ வேலை, அப்படிச் செய்தால் பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் போல ஆகிவிடுகிறது.

அச்சுக்காரர் சொன்ன ஒரு விஷயத்தை எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம். ஸ்கேன் செய்த கறுப்பை அப்படியே அச்சுக்கான நான்கு நிற முறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினால் அது நான்கு இங்க்கும் கலந்த கறுப்பாகிவிடும். கால் மில்லிமீட்டர் கோட்டை நான்கு பிளேட்டில் அடித்து, ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கும். ஆகவே கோடு முழுக்கக் கறுப்பு பிளேட்டில் மட்டும், அதுவும் கீழே இருக்கும் நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே விழும்படி. இதற்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டால் நிறம் ஒரு படி மங்கும் என்பதால் தண்ணீரைத் திரையில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமாக வைக்க வேண்டியிருந்தது. திரையில் பார்த்தால் இப்போது அசட்டு மஞ்சளாகத் தெரிகிறது, நம்பித்தான் ஆக வேண்டும்.

தலைப்புக்கு அப்பாவிடம் போனேன். அப்பா ஆர்ட்டிஸ்ட். எங்கள் பக்கம் ஆர்ட்டிஸ்ட் என்றால் சுவரிலும் போர்டிலும் எழுத்து எழுதுகிறவர். நூலில் சாக்பீஸ் பொடி தடவி, சுவரில் இழுத்துச் சுண்டி நேர்கோடு போட்டு, எனாமல் பெயிண்டில் உரக்கடை, ஜவுளிக்கடை, கட்சி எல்லாம் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. அந்த ஃப்ளெக்ஸை நானும் கடை வைத்து டிசைன் செய்கிறேன் என்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்போது கை நடுங்குகிறது. "என்னால ஆவாதும்மா" என்றார். நான்கு அங்குல உயரத்தில் எழுதுங்கள், அட்டையில் அது ஒரு அங்குலமாகும்போது நடுக்கமும் காலாகிவிடும் என்றேன். தட்டைத் தூரிகையைத் தேடி எடுத்து, இடது கையில் ஒரு குச்சியை ஊன்றி அதன்மேல் வலது கையை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். முதல் மூன்று தாளிலும் 'லை' பழைய லை. ல-வுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி வளைத்து ஏற்றுவது. 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டபோது மாறிய 13 எழுத்துகளில் அது ஒன்று. அப்போது அப்பாவுக்கு இருபத்தைந்து வயது. மாறிய எழுத்தில் நாற்பது வருஷம் சுவர் எழுதியவருக்கு, கை தளர்ந்ததும் பழையது தானாக வருகிறது.

பதிப்பாளருக்கு அந்தப் பழைய லை ரொம்பப் பிடித்துவிட்டது, அதையே வைக்கலாம் என்றார். அட்டையில் பழைய எழுத்தைப் போட்டாலே பாரம்பரியம் வந்துவிடும் என்கிற நினைப்பு எனக்குப் பிடிக்காது. பெரியவரைக் கேட்டேன். "இப்ப புள்ளைவொ படிக்கிற மாதிரி போடு" என்றார். அப்பாவிடம் நான்காவது தாள் வாங்கினேன். எழுத்துகளின் இடைவெளியை மட்டும் கணினியில் கொஞ்சம் நெருக்கினேன். ஓரங்களைத் தொடவில்லை. சுருங்கியதில் நடுக்கம் முழுக்கப் போகவில்லை, தலைப்பில் மட்டும் லேசாகக் காற்றடிக்கிற மாதிரி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கலர் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் ராப்பரை முழுக்க விரித்துத் திண்ணையில் வைத்தார். அப்புறம் ஏதோ சரியில்லாதது போல எடுத்து, அரை வட்டம் திருப்பி, முன் அட்டை மேற்கே பார்க்கும்படி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். விரலை மரத்தில் வைத்து, சட்ரஸ் வழியாக முதுகைத் தாண்டிப் பின் அட்டைக்குக் கொண்டுபோனார். விரல் பார்கோடில் முட்டி நின்றது.

"இங்க ஒரு படித்தொற இருக்குமே?"

"அது பார்கோடுக்கு அடியில போயிடுச்சுய்யா."

"அதுலதான் உக்காந்து கணக்கு எழுதுவேன்."

பார்கோடை இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, பின் அட்டைக் குறிப்பில் நான்கு வரி குறைத்து, நேற்று ராத்திரி கோப்பை மறுபடி அனுப்பினேன். கோப்பின் பெயர் 'ஃபைனல் புதுசு 7'.